வை. கணபதி ஸ்தபதி

வை. கணபதி ஸ்தபதி (1927 – செப்டம்பர் 2011) தமிழ்நாட்டைச் சேர்ந்த கற்சிற்பி, கோயிற் கட்டடக் கலைஞர், ஆசிரியர், நூலாசிரியர் ஆவார். கன்னியாகுமரிக் கடலில் பாறை ஒன்றின்மேல் நிற்கும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்து எழுப்பியவர் என்ற முறையிலேயே இவர் பொதுமக்களால் பெரிதும் அறியப்படுகிறார். மாமல்லபுரத்திலுள்ள அரசினர் கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியின் முதல்வராக ஏறத்தாழ 27 ஆண்டுகள் பணியாற்றினார். இந்திய அரசு 2009 ஆம் ஆண்டில் இவருக்குப் பத்மபூசண் விருது வழங்கியது.

கோயிலுக்குள் கருவறைத் திருமேனிகளையும் தூண்களையும் செய்துவந்த ஒரு பரம்பரைத் தொழிலை, கோயிலுக்கு வெளியே எல்லாரும் காணும் பொது இடங்களுக்குக் கொண்டுவந்தவர்களுள் இவர் முதன்மையானவர். அவ்வாறு கொண்டுவரும்போது தொழிலின் அளவுமுறைகளையும் வேலைப் பகுப்பையும் இவர் மாற்றவில்லை. இவரது பணியைப் புரிந்துகொள்ள, கற்சிற்பி ஒருவர் எவ்வாறு வேலை செய்கிறார் என்பதை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும்.

பிறப்பும் குடும்பமும்

கணபதி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே உள்ள பிள்ளையார்பட்டியில் பிறந்தார். குடைவரைக் கோயிலில் அமைந்த கற்பக விநாயகரால் புகழ்பெற்றது இவ்வூர். தந்தையார் வைத்தியநாத ஸ்தபதி. விசுவகர்மா சமூகத்தைச் சேர்ந்த இக்குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயிற் பணியில் ஈடுபட்டு வந்தது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் பல சிவாலயங்களைப் பெரும் பொருட்செலவில் திருப்பணி செய்தனர். செட்டிநாட்டுப் பகுதியில் சிற்பிக் குடும்பங்கள் தொழிலை விடாமல் காத்துக்கொண்டமைக்கு இத்திருப்பணிகள் முக்கிய காரணமாகும். வேறு பல பகுதிகளில் இந்த ஆதரவு இல்லாமையால் சிற்பிகள் தச்சு, பொற்கொல்லு முதலான தொழில்களுக்கு மாறினர்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சரின் வழியில் வந்தது இக்குடும்பம் என்று கூறப்படுவதுண்டு. இதை உறுதிப்படுத்துவது எளிதன்று. ஆயினும் அக்கோயிலின் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று கட்டடக் கலைஞரின் பெயரைக் குறித்திருப்பது கவனிக்கத்தக்கது. தமிழகத்துப் பெருங்கோயில்களில் அரசன் பெயரும் கொடையாளர் பெயரும் ஏராளமாகக் கிடைக்கின்றன. கல்லைச் செதுக்கியவரின் பெயர் கிடைப்பது மிக அரிது.

கணபதி காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்றார். சிற்பிக் குடும்பத்துப் பிள்ளைகள் சிறுவயதிலேயே உளி பிடிக்கத் தொடங்கிவிடுவது வழக்கமாயிருந்த காலத்தில், ஒரே நபர் பட்டப் படிப்பையும் பட்டறைப் படிப்பையும் ஒருங்கே பெற்றமை புதுமையே. சிற்ப நூல்கள் பெரும்பாலும் வடமொழியில் இருந்ததால் அம்மொழியையும் கற்றார். பழனி முருகன் கோயிலில் சில காலம் ஸ்தபதியாகப் பணிபுரிந்தார்.

ஸ்தபதி என்னும் சொல்

ஸ்தபதி என்பது ஒரு தொழில் நிலையைக் குறிக்கும் சொல். மயமதம், மானசாரம் முதலிய நூல்கள் கட்டடப் பணியில் ஈடுபடுவோரை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. முழு வேலையையும் மனத்தில் கண்டு வகுத்துத் தருபவர் ஸ்தபதி. நூல் பிடித்து அளவு குறிப்பவர் சூத்திரகிராகி. கல்லையும் மரத்தையும் வெட்டிச் செதுக்குபவர் தட்சகர். செய்த உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்தி நிறுத்துபவர் வர்த்தகி. இந்நால்வரில் எவரும் தனியே ஒரு கோயிலைக் கட்டிவிட முடியாது. மேற்கத்திய மரபில் ஓவியருக்கும் சிற்பிக்கும் உள்ள தனிமனிதப் புகழ் இம்மரபில் இல்லாது போனதற்கு இவ்வேலைப் பகுப்பும் ஒரு காரணம் எனலாம். 'இது இன்னாருடைய சிலை' என்று ஒருவர் பெயரை மட்டும் சொல்வது, இம்மரபில் எப்போதும் பாதி உண்மையே.

கற்சிற்பியின் வேலைமுறை

சிற்பியின் வேலை கல்லைத் தேர்வதில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் திருமேனிகளுக்குப் பயன்படுவது கருங்கல். சலவைக்கல்லின் கடினம் மோசு அளவுகோலில் ஏறத்தாழ 3. கருங்கல்லினுடையது 6 முதல் 7 வரை. சலவைக்கல்லில் உளியால் சீவ இயலும். கருங்கல்லில் அது நடவாது. உளியின் முனையால் தட்டித் தட்டிச் சிறு சிறு துகள்களாக உடைத்தே வடிவத்தை வெளிக்கொணர வேண்டும். தென்னிந்தியக் கற்சிற்பங்களின் உருண்டு திரண்ட தோற்றத்திற்குச் சமயக் கொள்கை எவ்வளவு காரணமோ, கல்லின் இயல்பும் அவ்வளவு காரணமாகும்.

கல்லைத் தட்டிப் பார்த்து அதன் ஓசையால் வகை பிரிப்பது மரபு. வெண்கல மணி போல் கணீரென ஒலிப்பது ஆண் கல். அதைவிட மெல்லிய ஓசை தருவது பெண் கல். ஓசையற்றது அலிக் கல். ஆண் கல்லில் ஆண் தெய்வங்களையும் பெண் கல்லில் பெண் தெய்வங்களையும் செய்வர். அலிக் கல்லைத் திருமேனிக்குக் கொள்வதில்லை. இவ்வகைப்பாட்டிற்குச் சமயப் பொருள் கூறப்பட்டாலும், அதில் ஒரு நடைமுறை அறிவும் அடங்கியுள்ளது. உள்ளே விரிசலோ கல்நாரோ இருந்தால் ஓசை மழுங்கும். பல மாத உழைப்புக்குப் பின் கை ஒன்று விரிசலோடு பெயர்ந்து விழுவதைவிட, தொடக்கத்திலேயே கல்லை ஒதுக்குவது நல்லதன்றோ?

கல்லுடைக்கும் இடத்தில் வரிசையாகத் துளையிட்டு, அத்துளைகளில் ஆப்பு அடித்துப் பாளத்தைப் பிளப்பர். பின்னர் அதைச் சமப்படுத்தி, காவி தோய்த்த நூலால் நடுக்கோடும் குறுக்குக் கோடுகளும் இடுவர். முகத்தின் நீளமே அடிப்படை அளவு. இதற்குத் தாலம் என்று பெயர். ஒரு தாலம் 12 அங்குலம். இந்த அங்குலம் நாம் அளவுகோலில் காணும் அங்குலமன்று. சிலையின் உயரத்தைப் பகுத்துப் பெறும் பங்கு. ஒன்பது தாலம் கொண்ட உருவம் 108 பங்காகும். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் 124 பங்குகள். எனவே சிலை ஒரு முழமாயினும் ஒரு பனை உயரமாயினும் விகிதம் மாறுவதில்லை. கணிதம் பயின்ற கணபதி ஸ்தபதியை இம்முறையின் எளிமை பெரிதும் ஈர்த்தது. இவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுவதும் இதுவே.

வரைந்த கோடு முதல் அடியிலேயே சிதறிப்போகும். ஒவ்வொரு படலத்தை அகற்றிய பின்னும் கோட்டை மீண்டும் வரைய வேண்டும். ஒரு சிலை முடிவதற்குள் அதே கோடுகள் எத்தனையோ முறை வரையப்பட்டு அழிக்கப்படும். உளியும் விரைவில் மழுங்கும். அதனால் பட்டறை ஓரத்தில் சிறு உலை ஒன்று இருக்கும். உளிகளை நெருப்பில் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, நீரில் தோய்த்து மீண்டும் கொடுப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். தோய்க்கும் பதம் தவறினால் உளி வளையும் அல்லது முறியும். புதிதாகச் சேரும் பையன் முதலில் உளி எடுத்துக் கொடுக்கவும், பின்னர் கல்லைச் சமப்படுத்தவும், அதன்பின் ஆடை மடிப்பு, அணிகலன் முதலியவற்றைச் செதுக்கவும் கற்பான். முகம் செய்யும் உரிமை பல ஆண்டுகள் கழித்தே கிட்டும். கண் திறத்தல் எல்லாவற்றிற்கும் கடைசி. அதனை ஸ்தபதியே செய்வார்.

களிமண்ணில் உருச்செய்பவர் பிழையைத் திருத்தலாம்; வெண்கலம் வார்ப்பவர் உருக்கி மீண்டும் வார்க்கலாம். கல்லில் போனது போனதுதான். மூக்கு நுனி உடைந்த திருமேனியை வழிபாட்டிற்கு ஏற்கமாட்டார்கள். அதுவரை செய்த வேலைக்குக் கூலி கிடைப்பதும் ஐயமே.

மாமல்லபுரம் கல்லூரி

1957 ஆம் ஆண்டில் அப்போதைய சென்னை மாநில அரசு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. குடும்பங்களுக்குள் மட்டும் கைமாறி வந்த கலை அழிந்துவிடக்கூடும் என்ற அச்சம் இதன் பின்னணியில் இருந்தது. வைத்தியநாத ஸ்தபதி இதன் முதல் தலைவராக இருந்தார். 1960களின் தொடக்கத்தில் அப்பொறுப்பு அவர் மகன் கணபதியிடம் வந்தது. 1988 இல் ஓய்வு பெறும்வரை அவர் அதில் நீடித்தார். இக்காலத்தில் பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்து, கற்சிற்பம், மரச்சிற்பம், சுதைச்சிற்பம், உலோகச்சிற்பம், கோயிற் கட்டடக் கலை முதலியவை பாடங்களாயின. பின்னர் பட்டப் படிப்புகளும் ஏற்பட்டன.

இம்மாற்றம் தோற்றத்தைவிடப் பெரியது. தந்தை மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் சொல்லிக்கொடுத்ததைக் கரும்பலகையில் எழுத வேண்டியதாயிற்று. சிற்பிக் குடும்பத்தில் பிறவாத மாணவரும் சேர்ந்தனர். வாய்மொழியாக இருந்த அளவுகளுக்கும் சொற்களுக்கும் பாடநூல் தேவைப்பட்டது. இத்தேவையை நிறைவு செய்ய இவர் எழுதியதே 'சிற்பச் செந்நூல்' (1978). உருவங்களின் அளவு, கை முத்திரைகள், நிற்கும் நிலைகள், அணிகள் ஆகியவற்றைத் தமிழில் வரைபடங்களுடன் விளக்கும் இந்நூல் மாணவர்களுக்கு இன்றும் பயன்படுகிறது.

கல்லூரியை ஒட்டி ஊரும் மாறியது. பல்லவர் காலத்துச் சிற்பங்களைக் கொண்ட மாமல்லபுரத்தில், அப்பல்லவச் சிற்பிகளிடமிருந்து இடையறாது தொடரும் சிற்பி மரபு இருப்பதாகப் பயணிகள் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இன்று அங்கு உளியோசை எழுப்பும் பட்டறைகளில் பெரும்பாலானவை 1957 க்குப் பின் இக்கல்லூரியைச் சார்ந்து தோன்றியவை. அங்கு பயின்றவர்களும் அவர்களிடம் வேலை கற்றவர்களும் அங்கேயே தங்கித் தொழில் நடத்தினர். உலகக் கைவினை மன்றம் 2015 இல் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017 இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பொது இடங்களில் கற்சிற்பம்

கோயிலுக்கு வெளியே கல்லில் உருவம் பொறித்து ஊரார் காணும்படி நிறுத்துவது தமிழருக்குப் புதிதன்று. ஆநிரை மீட்கும் போரிலும் பிற போர்களிலும் இறந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள், திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வீரனின் உருவமும் பெயரும் இறந்த விதமும் அவற்றில் காணப்படும். ஊர் தன் நினைவைத் தானே கல்லில் எழுதிக்கொண்ட பொதுக்கலை என்று இவற்றைக் கருதலாம்.

ஆனால் 20 ஆம் நூற்றாண்டில் தலைவர்களுக்கும் புலவர்களுக்கும் சிலை வைக்கும் வழக்கம் ஐரோப்பிய முறையைப் பின்பற்றியது. களிமண்ணில் மாதிரி செய்து வெண்கலத்தில் வார்ப்பதே அம்முறை. சென்னை மெரீனாவில் 1959 இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதனைச் செய்தார். பாறையைப் பெயர்க்க முயலும் நான்கு உழைப்பாளிகளைக் காட்டும் அச்சிலையில், பாறையும் வெண்கலமே. 1968 இல் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரீனாவில் நிறுவப்பட்ட தமிழ்ப் புலவர்கள், தமிழ்த் தொண்டர்கள் சிலைகளும் பீடத்தின்மேல் நிற்கும் இம்முறையிலேயே அமைந்தன.

பூம்புகாரில் 1973 இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் வேறொரு வழியைக் காட்டியது. எழுநிலை மாடமாக எழுப்பப்பட்ட இக்கட்டடத்தில், கண்ணகி கதையை வரிசையாகச் சொல்லும் 49 கற்பலகைகள் உள்ளன. மாமல்லபுரம் கல்லூரியைச் சேர்ந்த சிற்பிகள் இவற்றைச் செதுக்கினர். கோயில் மதிலில் புராணக் கதை செதுக்கும் அதே முறையில், ஒரு தமிழ்க் காப்பியம் கோயிலல்லாத இடத்தில் செதுக்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கு வந்து கதையைப் பலகை பலகையாகப் பார்த்தறிந்த மாணவர் பலர்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள வள்ளுவர் கோட்டம் கணபதி ஸ்தபதியின் அடுத்த பெரும்பணி. திருவாரூர்த் தேரை ஒத்த 128 அடி உயரக் கல்தேர், 1330 குறட்பாக்களும் பொறிக்கப்பட்ட குறள் மணிமாடம், ஏறத்தாழ 4000 பேர் அமரக்கூடிய அரங்கம் ஆகியவை இதன் உறுப்புகள். தேர் என்பது கோயிலை விட்டு வெளியே வந்து தெருவில் எல்லாச் சாதியார் கண்ணிலும் படுவது. குறளுக்கு நினைவிடம் கட்ட அவ்வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே. முதலமைச்சர் மு. கருணாநிதியின் முயற்சியில் எழுந்த இக்கட்டடம் முடிவுறும் தறுவாயில், 1976 சனவரி 31 அன்று அவரது ஆட்சி கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது இதனைத் திறந்துவைத்தார். பிற்காலத்தில் பராமரிப்பின்றிக் கிடந்த கோட்டம் புதுப்பிக்கப்பட்டு 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

பொதுவிடச் சிலைகளின் வாழ்வு சிற்பியின் கையில் இல்லை என்பதற்கு மெரீனாக் கண்ணகி சிலையும் சான்று. 1968 இல் நிறுவப்பட்ட அச்சிலை 2001 திசம்பரில் அகற்றப்பட்டு, ஆட்சி மாறியபின் 2006 இல் மீண்டும் நிறுவப்பட்டது. கோயில் திருமேனியை எளிதில் எவரும் அசைக்கத் துணிவதில்லை. பொதுச் சிலைக்கு அத்தகைய காப்பு எதுவுமில்லை.

கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை

கன்னியாகுமரியில் 1970 இல் விவேகானந்தர் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. அதனருகே உள்ள சிறு பாறையில் திருவள்ளுவருக்குச் சிலை அமைக்கும் திட்டத்திற்கு 1979 இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை நடைபெறவில்லை. 1990 செப்டம்பரில் பணி தொடங்கியது. 1991 சனவரியில் மாநில ஆட்சி கலைக்கப்பட்டபின் மீண்டும் தொய்வு ஏற்பட்டு, 1996 க்குப் பின்னரே விரைவு பெற்றது. 1999 அக்டோபரில் சிலை முற்றுப்பெற்று, 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பணியைத் தொடங்கும்போது கல்லூரிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கணபதி ஸ்தபதிக்கு, சிலை திறக்கப்பட்டபோது வயது எழுபதைக் கடந்திருந்தது.

சிலையின் அளவுகள் குறளின் அமைப்பிலிருந்து பெறப்பட்டவை. திருக்குறளின் 133 அதிகாரங்களைக் குறிக்கும் வகையில் மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு ஈடாகப் பீடத்தின் உயரம் 38 அடி. பொருட்பாலின் 70, இன்பத்துப்பாலின் 25 ஆகியவற்றைக் கூட்டிய 95 அடி உயரத்தில் அதன்மேல் வள்ளுவர் நிற்கிறார். பொருளும் இன்பமும் அறத்தின்மேல் நிற்க வேண்டும் என்னும் கருத்தை இவ்வாறு அளவிலேயே சொல்லிவிட்டனர். வலக்கையின் மூன்று விரல்கள் முப்பாலைச் சுட்டுகின்றன. இடக்கையில் ஓலைச்சுவடி உள்ளது. இடுப்பில் காணும் சிறு வளைவு, நேராக நிற்கும் தூண் போன்ற தோற்றத்தைத் தவிர்க்கிறது. நடராசர் திருமேனியை அறிந்தவர்க்கு இவ்வளைவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

இது ஒற்றைக் கல்லில் ஆனதன்று. 3681 கற்களைச் செதுக்கிப் பொருத்திக் கட்டப்பட்டது. மொத்த எடை ஏறத்தாழ 7000 டன். இதில் சிலை மட்டும் 2500 டன், பீடம் 1500 டன், அதைச் சூழ்ந்த மண்டபம் 3000 டன். மிகப் பெரிய கற்கள் 15 டன் வரை எடையுள்ளவை. கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் ஆகிய மூன்று இடங்களில் பட்டறைகள் இயங்கின. ஒரு கன்னத்தின் பாதி ஒரு கல்லிலும் மறுபாதி வேறொரு கல்லிலும் இருக்கும் நிலையில், அவை தரையில் செதுக்கப்பட்டுப் பின் கடலைக் கடந்து உயரத்தில் ஒன்றுசேர வேண்டும். ஒரு வரிசைக் கல் விரல் அளவு பிசகினாலும் அதற்கு மேலுள்ள எல்லா வரிசைகளும் பிசகும். நூல் பிடிக்கும் சூத்திரகிராகியின் வேலை எவ்வளவு இன்றியமையாதது என்பதை இதிலிருந்து உணரலாம்.

சிலையின் உட்புறம் வெற்றிடமாக விடப்பட்டு, குறுக்கே கல் விட்டங்களால் பிணைக்கப்பட்டுள்ளது. பெரும் வேலைக்கு முன் மரத்தில் மாதிரி ஒன்று செய்து பார்க்கப்பட்டது. சாரத்திற்குப் பனைமரத் தண்டுகளும் சவுக்குக் கழிகளும் பயன்பட்டன. சவுக்குக் கழிகளின் எண்ணிக்கை மட்டும் 18,000 என்பர். இரும்புச் சாரம் கடற்காற்றில் துருப்பிடிக்கும். கயிற்றால் கட்டிய கழியோ காற்றுக்கு வளைந்து கொடுக்கும். கோயிற் கோபுரங்களுக்குச் சாரம் கட்டும் பழைய முறையே இங்கும் கைகொடுத்தது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது சிலைக்குச் சேதம் ஏற்படவில்லை.

சிற்பிகளும் உதவியாளரும் மேற்பார்வையாளருமாக ஏறத்தாழ 150 பேர் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரை உழைத்தனர் என்று கூறப்படுகிறது. சிலையைக் காணச் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் கணபதி ஸ்தபதியின் பெயரைக்கூட அறியாமலே திரும்புகின்றனர். அந்த 150 பேரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

உப்புக் காற்றில் நிற்கும் கல்லைக் காப்பதும் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, கற்களின்மீது காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சியெடுத்து, பின்னர் சிலிக்கான் கலந்த இரசாயனப் பூச்சு இடுகின்றனர். இப்பணி 2022–2023 இல் நடைபெற்றது. சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 திசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் கடல் கொந்தளிக்கும் நாட்களில் விவேகானந்தர் பாறைக்குப் படகு சென்றாலும் வள்ளுவர் சிலைக்குச் செல்லாது.

இயந்திரமும் தூசியும்

கணபதி ஸ்தபதி தொழில் கற்ற காலத்தில் உளியும் சுத்தியுமே கருவிகள். 1990களுக்குப் பின் மின்சார அறுப்பான்களும் வைரத்தூள் பதித்த வட்டுகளும் மாமல்லபுரத்துப் பட்டறைகளில் பரவின. வாரக்கணக்கில் தட்டி நீக்கிய கல்லை ஓரிரு நாட்களில் அறுத்தெடுக்க முடிந்தது. பயணிகள் வாங்கும் சிறு பிள்ளையார், புத்தர் சிலைகளைக் குறைந்த விலைக்குத் தர இது உதவியது. எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறும் சிற்பிக்கு இயந்திரத்தை மறுக்க வழியுமில்லை.

இதற்கு உடல் தரும் விலை பெரிது. கருங்கல்லில் படிகச் சிலிக்கா உண்டு. உளியால் தட்டும்போது தெறிக்கும் சில்லுகள் பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். சுழலும் வட்டு எழுப்பும் தூசியில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள் மிகுதி. அவை நுரையீரலின் காற்றுப்பைகள்வரை சென்று தங்கித் தழும்பை உண்டாக்குகின்றன. சிலிக்கோசிசு எனப்படும் இந்நோய்க்குத் தீர்வான மருத்துவம் இல்லை. பல ஆண்டுகள் கழித்தே மூச்சுத் திணறலாக வெளிப்படும். காச நோய் பற்றும் வாய்ப்பும் இதனால் கூடுகிறது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது பட்டறைகளில் வழக்கம். ஆனால் துணியின் இழைகளுக்கிடையே இத்துகள்கள் எளிதாகப் புகுந்துவிடும். நீர் பாய்ச்சிக்கொண்டே அறுப்பதும், தூசியை உறிஞ்சும் அமைப்பும், தரமான முகமூடியுமே பயன் தருபவை. சாலையோரக் கொட்டகையில் மூன்று நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இவை எளிதில் வாய்ப்பதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் 1995 இல் தொடங்கிய திட்டம் 2030 க்குள் இந்நோயை ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது.

சிற்பக் கலையைப் போற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இச்செய்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தன் பிள்ளைக்கு உளி கொடுக்கலாமா என்று ஒரு சிற்பி தயங்குவதற்குக் குறைந்த கூலியோடு இதுவும் ஒரு காரணமாகும்.

மயன் பற்றிய கருத்துகள்

சிற்ப நூல்களில் கூறப்படும் மயனை வரலாற்று மனிதராகவும் தமிழராகவும் கணபதி ஸ்தபதி கருதினார். மயன் இயற்றியதாகச் சொல்லப்படும் 'ஐந்திறம்' என்னும் நூல் 1980களில் இவர் முயற்சியால் அச்சேறியது. அதன் பழமையைத் தமிழறிஞர் பலர் ஏற்கவில்லை. நடு அமெரிக்காவின் மாயா நாகரிகத்திற்கும் மயனுக்கும் தொடர்புண்டு என்றும் இவர் வாதிட்டார். அங்குள்ள கட்டடங்களை நேரில் சென்று அளந்து, அவற்றின் அளவுமுறை தம் மரபோடு ஒத்திருப்பதாகக் கூறினார். பெயரொற்றுமையையும் அளவொற்றுமையையும் கொண்டு இவ்வாறு முடிவுகட்டுவதை வரலாற்றாய்வாளர் ஏற்பதில்லை. வாஸ்து குறித்த இவருடைய கொள்கைகளுக்கும் அறிவியல் சான்று இல்லை. இக்கருத்துகளை வைத்து இவரது கைத்தொழில் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதும், கைத்தொழில் அறிவை வைத்து இக்கருத்துகளை ஏற்பதும் ஒருங்கே தவறாகும்.

இறுதிக் காலப் பணிகள்

ஓய்வுக்குப் பின் சென்னையில் தம் நிறுவனத்தின் வழியாக இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் பல கோயில்களுக்கு வடிவமைப்புச் செய்தார். அவற்றுள் அமெரிக்காவின் அவாய்த் தீவுக்கூட்டத்தில், கவாய் ஆதீனத்தில் அமைந்த இறைவன் கோயில் குறிப்பிடத்தக்கது. சத்குரு சிவாய சுப்பிரமுனியசுவாமி விரும்பியபடி, இக்கோயிலின் வெண்ணிறக் கருங்கற்களை இயந்திரமின்றி உளியாலேயே செதுக்க முடிவு செய்யப்பட்டது. இதற்காகப் பெங்களூருக்கு அருகே சிற்பிகளும் அவர்தம் குடும்பங்களும் தங்கும் குடியிருப்பு ஒன்று 1990களில் உருவாயிற்று. அங்கு செதுக்கி முடித்த கற்கள் கப்பலில் அனுப்பப்பட்டு, தீவில் பொருத்தப்பட்டன.

இவ்வேலை ஒரு தலைமுறைக் காலம் நீண்டது. பணியை ஏவிய சுப்பிரமுனியசுவாமி 2001 இல் மறைந்தார். கணபதி ஸ்தபதி 2011 இல் மறைந்தார். கோயிலின் குடமுழுக்கு 2023 மார்ச்சில் நடைபெற்றது.